சர்வர் அறையின் முதுகுப்பக்கம்

என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் புரியாது என்று சொல்லிக்கொள்வது எங்கள் தொழிலில் ஒரு பெருமை. எனக்கு அந்தப் பெருமையும் வாய்க்கவில்லை. தெருவில் யார் கேட்டாலும், "எங்க நாத்தனாரு கம்ப்யூட்டருக்கு வூடு கட்டித் தருது" என்று அண்ணி ஒரே வரியில் முடித்துவிடுவாள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. படித்த படிப்பென்ன, வாங்கி வைத்திருக்கும் சான்றிதழ்களென்ன, கடைசியில் மேஸ்திரியாக்கிவிட்டாளே என்று. பிறகு யோசித்துப் பார்த்தேன். அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கே தெரியவில்லை.

எங்கள் வீடு திருவொற்றியூரில் கடலோரம். கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். அண்ணன் விசைப்படகில் போகிறவர். அண்ணி என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள், அதனால் வாங்க போங்க எல்லாம் எங்களுக்குள் கிடையாது. எனக்கு மூக்கு நுனியில் கோபம், அவளுக்கு நாக்கு நுனியில் கிண்டல். இரண்டும் ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்திருக்கின்றன என்றால் அதற்கு இடையில் இருக்கும் மாடிப்படிதான் காரணம்.

பெரிய கம்பெனிகளில் ஏ.ஐ. ஓடுவதற்கான இடம், மெஷின், இணைப்பு எல்லாவற்றையும் திட்டமிட்டு அமைத்துத் தருவது என் வேலை. வீட்டுச் சமையலையும் விருந்துச் சமையலையும் நினைத்துக்கொண்டால் போதும். தினமும் பொங்குகிற சோற்றுக்கு அடுப்பு வீட்டிலேயே இருக்க வேண்டும். ஊரைக் கூட்டி விருந்து வைக்கும்போது அண்டாவும் ஆளும் வாடகைக்கு எடுக்கிறோம். அதுபோல, கம்பெனியின் சொந்த அறையில் கொஞ்சம் மெஷின். மீதி வேலைக்குக் கிளவுட், அதாவது எங்கோ மும்பைப் பக்கம் இன்னொருவர் வைத்திருக்கும் வாடகை மெஷின்கள். எந்த வேலை வீட்டில், எந்த வேலை வாடகையில் என்பதை நேரத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ள வழி செய்துவைப்பதுதான் சாமர்த்தியம். இதைத்தான் கூட்டங்களில் ஹைபிரிட் என்றும் ஃப்ளெக்சிபிள் என்றும் டீ ஆறும்வரை சொல்லிக்கொண்டிருப்போம்.

அப்படி ஒரு பெரிய வேலை வந்தது. இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி, கடற்கரை நெடுக ஆலைகள் வைத்திருப்பது, தலைமை அலுவலகம் வேறு ஊரில். நான் பொறுப்பேற்ற ஆலை மட்டும் எங்கள் பக்கத்திலேயே, எண்ணூர் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே. இனி ஊர் ஊராகச் சுற்ற வேண்டாம், பெரிய கம்பெனி, பெரிய வேலை என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

"எந்த கம்பெனி?" என்று கேட்டாள் அண்ணி. சொன்னேன்.

"நம்ப கம்பெனியா? அங்க பாத்ரூம்ல பல்பே எரியாது. அங்க போய் இன்னாத்த கட்டப் போற?"

அந்த ஆலையில்தான் அவள் பல வருடமாக இறால் உரிக்கிறாள். எனக்குத் தெரியாமல் இல்லை. பீற்றிக்கொள்ளும் அவசரத்தில் மறந்துபோய்விட்டது.

உரித்த இறால் பெல்ட்டில் போகும்போது, மேலே இருக்கும் கேமரா பார்த்து, அளவு என்ன, உடைந்ததா முழுசா, கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று தரம் பிரிக்க வேண்டும். இறால் நின்று பதிலுக்குக் காத்திருக்காது. படத்தை மும்பைக்கு அனுப்பிப் பதில் வாங்குவதற்குள் அது டிரேயில் விழுந்து ஐஸும் போட்டாகிவிடும். அதனால் பார்த்துச் சொல்லும் மெஷின் ஆலைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அந்த மெஷினுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது, அடுத்த சீசனில் எவ்வளவு வரும் என்று ஆரூடம் சொல்வது, அறிக்கைகள் எல்லாம் கிளவுட்டில். உரிக்கும் வேலை மட்டும் எப்போதும்போலப் பெண்களிடம். அந்த விரல் வேகம் எந்த மெஷினுக்கும் இன்னும் வரவில்லை.

எனக்குக் கொடுத்த இடம் அட்டைப்பெட்டி அடுக்கி வைக்கும் ஒரு பழைய அறை. ஒரு பக்கம் குளிர்பதனக் கிடங்கு, இன்னொரு பக்கம் பெண்கள் உடை மாற்றும் அறை. வடிவமைப்பைச் சரிபார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டார். கடல் என்றேன். குறித்துக்கொண்டார்.

உப்புக்காற்று புகாதபடி சந்துகளை அடைத்து, ஏ.சி. மாட்டி, மெஷின் அடுக்குகளை நிறுத்தினோம். அந்த அடுக்குகள் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்து, பின்பக்கம் சூடாக ஊதித் தள்ளும். முன்னால் நின்றால் மார்கழி, பின்னால் நின்றால் சித்திரை. மெஷினுக்கு வேலை கூடக்கூடப் பின்பக்கம் சூடும் கூடும். இந்தச் சங்கதியை ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே வீட்டில் சொன்னேன். அண்ணி குழம்பு ஊற்றுவதை நிறுத்திவிட்டு, "எவ்ளோ சூடு?" என்று கேட்டாள். என் தொழிலில் அவள் காட்டிய முதல் அக்கறை என்று நினைத்து நான் பூரித்துப்போய் விளக்கமாகச் சொன்னேன்.

கொஞ்ச நாளில், அறையில் ஈரப்பதம் ஏறுகிறது என்று என் போனுக்கு எச்சரிக்கை வந்தது. குழாய் ஏதோ உடைந்துவிட்டது, இத்தனை விலைக்கு வாங்கிய மெஷின் எல்லாம் போச்சு என்று ஓடினேன். கதவைத் திறந்தால் முன்பக்கம் காய்ந்த தரை. பின்பக்கமிருந்து சிரிப்புச் சத்தம். சுற்றிப் போய்ப் பார்த்தேன். நீலத் தொப்பியும் கம்பூட்ஸும் போட்ட பெண்கள் வரிசையாகக் குந்தி, அடுப்பில் காய்வதுபோல் இரண்டு கையையும் மெஷின்களை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் கேபிள்களின் மேல் ஈரக் கையுறைகள் தொங்கின. நடுவில் அண்ணி.

"இன்னாமே, கதவ சாத்திட்டு வா. சூடு போவுது" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணி, இது இன்னா எடம்னு தெரியுமா உனக்கு? யாரு உள்ள உட்டது?"

"வாட்ச்மேன் மாமுதான். நாத்தனாரு வூடுன்னேன், பின்கதவ தொறந்துட்டாரு. நீதான சொன்ன, பின்னால அடுப்பு மாரி கீதுன்னு."

"அதுக்காக ஈரக் கையோட வந்து குந்துவியா? கரன்ட்டு புடிச்சா?"

"தொடலமே. சொம்மா காட்டிகினுதான் கீறோம்."

திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். விரல்களெல்லாம் பாதிக்கு மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. அவள் ஒரு விரலை இன்னொரு கையால் பிடித்து அழுத்தினாள். அழுத்திய தடமே தெரியவில்லை. அது அவளுடைய விரல் மாதிரியே இல்லை.

மற்றவர்களை வேலைக்கு அனுப்பிவிட்டு என்னவென்று கேட்டேன். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. தடித்த கையுறை போட்டால் உரிக்க வராது, மெல்லிய கையுறை குளிரைத் தடுக்காது. கொஞ்ச காலமாக ரத்தம் விரலுக்கு வரமாட்டேன் என்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறாள். கையை அவ்வப்போது நன்றாகச் சூட்டில் வைக்க வேண்டும், அதற்கு வழியில்லை என்றால் இந்த வேலையை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் விரலே கெட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆலையில் கை கழுவுமிடத்தில் ஒரு வெந்நீர்க் குழாய் இருந்ததாம். அது கெட்டுப்போய், அதைப்பற்றி மனு எழுதியவர் ஓய்வும் பெற்றுப் போய்விட்டார்.

"உங்க அண்ணனாண்ட சொல்லிடாத. வேலைக்கே போவாதன்னுவாரு" என்றாள்.

"போவாட்டி இன்னா அண்ணி? வெரல விடவா வேலை?"

"வூட்ல குந்திகினு செவுத்த பாக்கச் சொல்றியா? இங்க வந்தா நானும் ஒரு ஆளா கீறேன்மே. பெல்ட்ல நா நின்னா எனக்கு முன்னால எவளும் டிரேய நெப்ப முடியாது. அத்த உட்டுட்டு இன்னா பண்ண நான்?"

அவள் கிண்டல் இல்லாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு மேல் நான் என்ன சட்டம் பேசுவது? ஆனாலும் பேசினேன். கை துடைத்த பிறகுதான் உள்ளே வர வேண்டும், கையுறை கூடாது, கேபிளைத் தொடக் கூடாது, கோட்டைத் தாண்டக் கூடாது என்று தரையில் மஞ்சள் டேப் ஒட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு அந்த அறையின் நிர்வாகம் அண்ணியின் கைக்குப் போய்விட்டது. யார் எப்போது வருவது, எவ்வளவு நேரம் குந்துவது எல்லாம் அவள் போட்ட முறை. ஒருத்தி நெத்திலி கொண்டுவந்து இங்கே காயவைக்கலாமா என்று கேட்டாளாம். அண்ணி பார்த்த பார்வையில் நெத்திலியே எழுந்து போயிருக்கும்.

இறால் குறைவாக வரும் நாட்களில்தான் சிக்கல். பெல்ட் மெதுவாக ஓடும், மெஷினுக்கு வேலை இருக்காது, பின்பக்கம் ஆறிப்போகும். டீ நேரத்தில் எனக்கு போன் வரும்.

"இன்னாமே, இன்னிக்கு மெஷினு பட்டினியா?"

மீன்பிடித் தடைக்காலம் வந்தபோது இந்த போன் தினசரி ஆனது. நானும் என்ன செய்வேன். கிளவுட்டில் நடக்க வேண்டிய கற்றுக்கொடுக்கும் வேலையை எடுத்துத் துண்டு துண்டாக்கி, சரியாக டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் எங்கள் அறை மெஷின்களில் ஓடும்படி வைத்தேன். சும்மா கிடக்கும் சொந்த மெஷினைப் பயன்படுத்துவது கம்பெனிக்கும் லாபம்தானே. அப்படித்தான் அறிக்கையிலும் எழுதினேன். எழுதிய எதுவும் பொய் இல்லை. எழுதாத உண்மை மட்டும் ஒன்று இருந்தது. ஃப்ளெக்சிபிள் என்று இத்தனை வருடம் நான் மேடையில் சொல்லிவந்ததற்கு உண்மையிலேயே ஒரு பயன் கிடைத்தது அந்த மாதங்களில்தான். அண்ணியின் விரல்களில் நிறம் தங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டர், வேலையை விட்டுவிட்டீர்களா என்று கேட்டாராம். இல்லை, நாத்தனார் வீட்டில் காய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

எல்லாம் நன்றாகப் போகும்போது தலைமை அலுவலகத்துக்குக் கண் திறக்கும். வீடியோ கூட்டத்தில் தொழில்நுட்பத் தலைவர், கூர்மையான அம்மா, எல்லா ஆலைகளின் வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "மற்ற இடங்களில் பெல்ட் நின்றால் மெஷினும் ஓய்கிறது. சென்னை அறை மட்டும் ஏன் ஓய்வதே இல்லை?" நான் ஏதோ சொன்னேன். அவர் விடவில்லை. சொந்த அறை வைத்திருப்பதே வீண் செலவு, கேமராவுக்குப் பக்கத்தில் கைப்பெட்டி அளவில் ஒரு சின்ன மெஷின் போதும், மற்றதை எல்லாம் கிளவுட்டுக்கு ஏற்றிவிட்டு அறையை மூடிவிடலாம் என்றார். ஏன் மூடக் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தால் எழுதித் தரும்படியும் சொன்னார்.

அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது ஒரே காரணம்தான், அதைப் போய் எப்படி எழுதுவது? இறால் உரிக்கும் பெண்கள் கை காய்கிறார்கள் என்று ஒரு தொழில்நுட்ப ஆவணத்தில் எழுதினால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அதனால் கெட்டிக்காரத்தனமாக எழுதினேன். வடிகால் வேலைக்குச் சாலையைத் தோண்டும்போதெல்லாம் எங்கள் பக்கம் இணைய லைன் அறுந்துபோவதை எழுதினேன். அது போதாது என்று தோன்றியதால், இந்த ஆலையின் இறால் படங்களும் அதிலிருந்து மெஷின் கற்றுக்கொண்டதும் கம்பெனியின் பெரிய ரகசியச் சொத்து, வெளியே போனால் போட்டிக்காரன் கைக்குப் போய்விடும், நான்கு சுவருக்குள் இருந்தால்தான் பத்திரம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது.

அவ்வளவு நன்றாக எழுதியிருக்கக் கூடாது. அறையை மூடும் யோசனை கைவிடப்பட்டது. பாராட்டிப் பதில் வந்தது. இவ்வளவு முக்கியமான அறைக்கு ஏன் இன்னும் சரியான பாதுகாப்பு இல்லை என்ற கேள்வியும் அதே பதிலில் வந்தது. அடுத்து ஆட்கள் வந்தார்கள். பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். மெஷினின் முதுகுப்பக்கத்தைத் தகடு போட்டு மூடி, சூடான காற்றைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே வெளியேற்றினார்கள். முன்கதவில் விரல் ரேகைப் பூட்டு, அதற்கு மேல் கேமரா. வாட்ச்மேன் மாமு என்னைப் பார்த்தால் எழுந்து நின்று சல்யூட் வைக்க ஆரம்பித்தார்.

அடைத்த பின்கதவைப் பார்த்துவிட்டு வந்த அண்ணி, "நல்லா கட்டிகீற வூடு" என்றாள்.

தகட்டைத் திறந்தாவது உள்ளே உட்காரவைக்கலாம் என்று நினைத்து, ஆலை அலுவலகத்தில் கெஞ்சி, அறையைப் பெருக்கும் ஆள் என்று அண்ணி பெயரை ரேகைப் பூட்டில் பதிய ஏற்பாடு செய்தேன். பெல்ட்டிலிருந்து நேராக வந்தாள். விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. அடுத்த விரல், அதற்கடுத்த விரல், மறு கை. எல்லாம் சிவப்பு. பூட்டு மாட்டிய பையன் சங்கடத்தோடு என்னிடம் சொன்னான்: "வெரல் ரொம்ப ஜில்லுனு இருக்கு மேடம், அதான் எடுக்கல. எங்கயாவது போய்க் கொஞ்சம் சூடு காட்டிட்டு வரச் சொல்லுங்க, எடுத்துக்கும்."

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். "கேட்டியாமே? உள்ள போய் காஞ்சாத்தான் உள்ளயே உடுமாம்." சிரித்துக்கொண்டே கையைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டு பெல்ட்டுக்குத் திரும்பினாள். காலையில் கை சூடாக இருக்கும்போது ரேகையைப் பதிந்தாலும், டீ நேரத்தில் ஜில்லிட்ட விரலுக்கு அந்தப் பூட்டு திறக்கப்போவதில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு அவள் என்னை டீ நேரத்தில் போனில் கூப்பிடவில்லை. வீட்டில் டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துத் தூக்கினாள். பட்டன் போட முடியாமல் அண்ணனின் சட்டையை அப்படியே மடித்து வைத்தாள். ஒருநாள் வேலை முடிந்து இருவரும் ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். உப்பு வாங்கணும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்: "மாசக் கடைசியோட நின்னுக்கறேன்னு சூப்ரவைசராண்ட சொல்லிட்டேன். இறால் கையில கீதா கீய வுய்ந்துடுச்சான்னே தெரியல. பின்னால நிக்கிற புள்ளைங்களுக்குத்தான் பேஜாரு."

ஆட்டோ முழுக்க ஆட்கள் இருந்தும் நான் அழுதேன். கூடவே கோபம். பூட்டின் மேல், தகட்டின் மேல், பக்கம் பக்கமாக எழுதிய என் ஆங்கிலத்தின் மேல். "இன்னாத்துக்கு அழுவுற? வெரலு என்னுது" என்று அவள் அதட்டியதும் இன்னும் அதிகமாக அழுதேன்.

மறுநாள் ஆலை மேலாளரின் அறைக்குப் போனேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். பழக்க தோஷத்தில், வீணாகும் வெப்பத்தை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரும் வாய்ப்புகள் என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், ஒண்ணும் வெளங்கல. ஒங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"சூடு வேணும் சார். ஐஸ் தண்ணில பொம்பளைங்களுக்குக் கை வெறைச்சுப் போகுது. அந்த ரூம்ல மெஷினுக்குப் பின்னால கை காஞ்சிகிட்டு இருந்தாங்க. நான் எழுதினத நம்பி அதப் பூட்டிட்டாங்க. எங்க அண்ணி இந்த மாசத்தோட வேலைய விட்டு நிக்கிறாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? ரகசியம், போட்டிக்காரன், நாலு சுவருன்னு என்னென்னமோ எழுதினீங்க. அதப் படிச்சதுலேர்ந்து என் ஆலையில அந்தப் பக்கம் நடக்கவே எனக்குப் பயமா இருக்கு."

ஆனால் அவராலும் உடனே எதுவும் செய்ய முடியவில்லை. என் எழுத்தின் புண்ணியத்தில் அந்த அறைச் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும். கூரைக்குப் போகும் சூட்டுக்குழாயைத் திருப்பி, பக்கத்தில் இருக்கும் உடை மாற்றும் அறைக்குள் விட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அடுத்த வீடியோ கூட்டத்தில் நான் வரைபடத்தைத் திரையில் வைத்தேன். மெஷின்கள், கேமராக்கள், கிளவுட், எல்லாவற்றையும் இணைக்கும் கோடுகள். ஓரத்தில் புதிதாக ஒரு பெட்டி.

"இது எந்த சர்வர்?" என்று கேட்டார் தொழில்நுட்பத் தலைவர்.

"சர்வர் இல்லை. பெண்கள் கை காயவைக்கும் அறை."

திரையில் ஒருவரும் அசையவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"அதனால்தான் சென்னை அறை ஓயவே இல்லையா?"

"ஆமாம்."

"அப்படியென்றால், நீங்கள் அனுப்பிய அவ்வளவு பெரிய ஆவணம்?"

"அதில் இருப்பதும் உண்மைதான். ஆனால் நான் எழுதியது இதற்காகத்தான்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியைச் சுட்டி, "வேலை கிளவுட்டுக்குப் போய்விட்டால் மெஷின் ஆறிவிடும். அப்போது அந்த அறைக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டார். இத்தனை வருடக் கூட்டங்களில் என்னிடம் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது. குழாயில் வரும் காற்று ஆறினால் தானாகவே எரியும்படி சாதாரண ஹீட்டர் ஒன்றை வைத்துவிடலாம் என்றேன். மெஷின் இருக்கும்போது மெஷின் சூடு, இல்லாதபோது ஹீட்டர் சூடு. "இதுவும் ஹைபிரிட்தான்" என்று எனக்கு வந்த தைரியத்தில் சொன்னேன். ஒப்புதல் கொடுத்தார். பிறகு, "மற்ற ஆலைகளில் பெண்கள் எங்கே கை காயவைக்கிறார்கள்?" என்று பொதுவாகக் கேட்டார். திரையில் இருந்த எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

கொத்தனார் வந்து சுவரை இடிக்க, குழாய் திருப்ப, கம்பி வலை பொருத்த, மாதக் கடைசி வந்தேவிட்டது. அண்ணியின் கடைசி நாள். காலையிலிருந்து நான் ஹீட்டர்காரனின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். மதிய டீ மணிக்குச் சற்று முன்னால்தான் வலை வழியாகச் சூடான காற்று வந்தது.

பெண்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். யாரும் சொல்லாமலே அண்ணிக்கு வழி விட்டார்கள். கையுறையைக் கழற்றவும் அவளுக்கு இன்னொருத்தி உதவ வேண்டியிருந்தது. வலைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். முழுக்க வெள்ளை. மற்றவர்கள் பேச்சும் சிரிப்புமாகச் சுற்றிக் குந்தினார்கள். அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல்களில் முதலில் நிறம் வந்தது. பிறகு வலது கை, பிறகு இடது கையில் ஒவ்வொன்றாக. மோதிர விரல் மட்டும் மெழுகுபோல் அப்படியே இருந்தது.

மணி அடித்தது. பெண்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார்கள். அண்ணி எழுந்திருக்கவில்லை. சூப்பர்வைசர் பெண் வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, பெல்ட்டு ஓட ஆரம்பிச்சிடுச்சி."

"இருமே. ஒண்ணு இன்னும் வரல."

சூப்பர்வைசருக்குப் பின்னால் மேலாளரும் நின்றுகொண்டிருந்தார். போகச் சொல்லவில்லை. நான் அந்த ஒரு விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாமதமாகிவிட்டதோ, அது இனி வராதோ என்று எனக்குப் பயம். அண்ணி விரலைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியிலிருந்து சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நகத்துக்குக் கீழே போய் நின்றது. அவள் அதைக் கிள்ளிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"வலிக்குதுமே" என்றாள் என்னைப் பார்த்து. அவ்வளவு சந்தோஷமாக யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு மறுபடி அழுகை வந்தது. இந்த முறை அவள் அதட்டவில்லை.

எழுந்து தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கையுறையைத் தானே மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். சூப்பர்வைசர் ஒதுங்கி வழி விட்டாள்.

"நாளையிலேர்ந்து வரமாட்டேன்னு சொன்னேன்ல" என்றாள் அவளிடம். "அத்த உட்டுடு."

பெல்ட்டில் தன் இடத்துக்குப் போய் நின்றாள்.